சயாம் தடத்தில் ஒரு விடுமுறை: பயணத் திட்டமும் வரலாறும்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் எழும் கேள்வி ஒன்றுதான்: இம்முறை எங்கே செல்வது? குடும்பத்தோடு செல்வோர்க்கு விமானக் கட்டணம் சுமையாகிவிடுகிறது. ஆகவே வட எல்லையைக் கடந்து ஹாட்யாய் சென்று, இரண்டு நாள் கடைத்தெருக்களைச் சுற்றித் திரும்புவதே நம்மவர் பலருக்கு வெளிநாட்டுப் பயணமாக அமைகிறது. அதே தண்டவாளத்தில் இன்னும் சற்று வடக்கே சென்றால் நக்கோன் பாத்தோம், காஞ்சனபுரி, பாங்காக், அயுத்தயா ஆகிய நகரங்களையும் காணலாம். பத்து நாள்களில், இரயிலையும் மகிழுந்தையும் கொண்டு இப்பயணத்தைத் திட்டமிடுவது எப்படி என்பதை அத்தடத்தின் வரலாற்றோடு சேர்த்து இங்கு எழுதுகிறேன். இரண்டையும் பிரிக்க இயலாது என்பது கட்டுரையின் இடையில் தெளிவாகும்.

தடம் பிறந்த கதை

1909ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கும் சயாமுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய மாநிலங்களின் மீதிருந்த உரிமையைச் சயாம் விட்டுக்கொடுத்தது. இன்று நாம் கடக்கும் எல்லைக்கோடு அப்போது வரையப்பட்டதே. அதையொட்டி, தென்பகுதி இரயில் தடத்தை அமைப்பதற்காக 40 இலட்சம் பவுன் கடன் சயாமுக்கு வழங்கப்பட்டது. மலாயாவின் தடம் ஒரு மீட்டர் அகலம் கொண்டது. சயாமின் தென் தடமும் அதே அகலத்தில் போடப்பட்டது. 1918இல் இரு தடங்களும் பாடாங் பெசாரில் இணைந்தன.

தென் தடத்தின் வட முனை, சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள தொன்புரியாக இருந்தது. 1927இல் ஆறாம் இராமா பாலம் திறக்கப்பட்ட பிறகே அத்தடம் ஆற்றைக் கடந்து பாங்காக் நகரத் தடங்களோடு சேர்ந்தது. தெற்கே ஜொகூர் பாலத்தின் வழியாக 1923இல் இரயில் சிங்கப்பூரை எட்டியிருந்தது. இவ்வாறு, இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளுக்குள் சிங்கப்பூரிலிருந்து பாங்காக் வரை ஒரே அகலமுள்ள தடம் உருவாயிற்று. வணிகத்திற்கும் உல்லாசப் பயணத்திற்கும் உதவிய இந்தத் தடத்தைப் போர் வேறொன்றுக்குப் பயன்படுத்திக்கொண்டது.

தண்டவாளம் ஏற்றிச் சென்றவர்கள்

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மாவில் நின்ற தம் படைக்குக் கடல் வழியே உணவும் ஆயுதமும் அனுப்புவது ஆபத்தாக இருந்ததால், சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டு வழியே இரயில் தடம் அமைக்க ஜப்பானிய இராணுவம் முடிவு செய்தது. சயாமின் பான் போங் அருகிலுள்ள நோங் பிளாடுக் தொடங்கி பர்மாவின் தன்புசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம், 1942இன் நடுப்பகுதியில் தொடங்கப்பட்டு 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. மலையும் காடும் பேராறும் நிறைந்த நிலத்தில் ஏறத்தாழ பதினாறு மாதங்களில், பெரும்பாலும் கைக்கருவிகளைக் கொண்டே அது கட்டப்பட்டது.

நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கு வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு இலட்சம் அளவில் இருந்தனர் என்பது பொதுவான மதிப்பீடு. பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்களும் அவர்களுள் அடங்குவர். மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 75,000 பேர் சென்றனர் எனவும், அவர்களில் பெரும்பாலோர் தமிழர் எனவும் ஆய்வாளர் எழுதுவர். மாண்ட ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கையைச் சுமார் 90,000 எனப் பலர் கணிக்கின்றனர்.

ஏன் சென்றனர்? போரினால் இரப்பர் ஏற்றுமதி நின்றுவிட்டது. பால்மரம் சீவியவருக்கு வேலை இல்லை, அரிசி இல்லை. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை, உணவும் தங்குமிடமும் உண்டு என்று தோட்டங்களில் அறிவிக்கப்பட்டது. நம்பிச் சென்றவர் சிலர். மனைவி மக்களோடு சென்றவரும் உண்டு. ஆள் போதாதபோது கட்டாயமாகப் பிடித்து ஏற்றினர். மூடிய சரக்குப் பெட்டிகளில் நெருக்கி அடைக்கப்பட்டு, பாடாங் பெசார், ஹாட்யாய் வழியாகப் பான் போங் வரை அவர்கள் கொண்டு செல்லப்பட்டனர். நாம் விடுமுறைக்குச் செல்லும் அதே வழிதான் அது.

அத்தடத்துக்கான இரும்பும் இங்கிருந்து சென்றது. கிழக்குக் கரைத் தடத்தின் பெரும் பகுதியையும், தம்பினிலிருந்து மலாக்கா நகருக்குச் சென்ற கிளைத் தடத்தையும் ஜப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாமுக்கு அனுப்பினர். கிழக்குக் கரைத் தடம் போருக்குப் பின் மீண்டும் போடப்பட்டது. மலாக்காத் தடம் மீளவே இல்லை. மலாக்கா நகருக்கு இன்றுவரை இரயில் இல்லாததன் காரணத்தை மாணவர் கேட்டால், விடை காஞ்சனபுரிக் காட்டில் இருக்கிறது என்று சொல்லலாம்.

பத்து நாள் திட்டம்

முதல் நாள்: கோலாலம்பூரிலிருந்து மின்சார இரயிலில் பாடாங் பெசார். ஏறத்தாழ ஐந்தரை மணி நேரப் பயணம். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஒரே நிலையத்தில் நடைபெறும். அங்கிருந்து தாய்லாந்து இரயில் ஒரு மணி நேர அளவில் ஹாட்யாய் சேர்க்கும். தாய்லாந்து நேரம் நம் நேரத்தை விட ஒரு மணி பின்தங்கியது. இணைப்பு இரயிலைக் கணக்கிடுகையில் இதை மறவாதீர்கள்.

இரண்டாம் நாள்: பகலில் ஹாட்யாய். மாலையில் வடக்கு நோக்கிச் செல்லும் இரவு இரயிலில் படுக்கை வசதி. ஹாட்யாயிலிருந்து பாங்காக் 900 கிலோமீட்டருக்கு மேல் உள்ளது. பிள்ளைகளோடு அத்தொலைவை மகிழுந்தில் ஓட்டிச் செல்வதைவிட, உறங்கிக்கொண்டே கடப்பது நல்லது. ஓர் இரவு விடுதிச் செலவும் மிச்சம்.

மூன்றாம் நாள்: காலையில் இரயில் பான் போங், நோங் பிளாடுக் நிலையங்களைக் கடந்து செல்லும். பிள்ளைகளை எழுப்பிச் சன்னலோரம் அமர்த்துங்கள். மரண இரயில் தடம் பிரிந்து செல்லும் இடம் அதுவே. பாங்காக் வரை செல்லாமல் நக்கோன் பாத்தோமில் இறங்கிவிடலாம். ஏறத்தாழ 120 மீட்டர் உயரமுள்ள பிரா பாத்தோம் சேதி என்னும் பௌத்தத் தூபி நிலையத்துக்கு அருகிலேயே உள்ளது. அன்றிரவு அங்கே தங்கலாம்.

நான்காம் நாள்: தொன்புரியிலிருந்து நாம் தோக் செல்லும் இரயில் நக்கோன் பாத்தோமில் நின்று செல்லும். நாளுக்கு இருமுறை மட்டுமே இவ்வண்டி உண்டு. காலை வண்டியில் ஏறினால் நண்பகலுக்குள் காஞ்சனபுரி. மதியத்திற்குப் பின் கல்லறைத் தோட்டமும் பாலமும்.

ஐந்தாம் நாள்: காஞ்சனபுரியில் ஓட்டுநரோடு மகிழுந்து ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, 80 கிலோமீட்டர் அளவிலுள்ள நரகநெருப்புக் கணவாய்க்குச் செல்லுங்கள். இரயில் நாம் தோக் நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பாலுள்ள தடம் போருக்குப் பின் அகற்றப்பட்டது. நாம் தோக் வரையிலான பகுதி 1958இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே இந்நாளுக்கு மகிழுந்து இன்றியமையாதது. திரும்பும்போது நாம் தோக்கில் மகிழுந்தை அனுப்பிவிட்டுப் பிற்பகல் இரயிலில் ஏறினால், குவே நோய் ஆற்றின் மேலே, பாறைச் சரிவை ஒட்டி நிற்கும் தாம் கிராசே மரப்பாலத்தின் மீது இரயில் ஊர்ந்து செல்வதைக் காணலாம்.

ஆறாம் நாள்: சாலை வழியே பாங்காக், இரண்டரை மணி நேர அளவு.

ஏழாம் நாள்: பாங்காக். 1782இல் தலைநகரான ஊர். அரண்மனையைக் கண்டபின், பெரிய ஊஞ்சல் அருகிலுள்ள தேவஸ்தானத்திற்குச் செல்லுங்கள். அங்குள்ள பிராமணர் நடத்தும் திரியம்பாவாய் என்னும் விழாவின் பெயர் நம் திருவெம்பாவையிலிருந்து வந்தது. சீலோம் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது.

எட்டாம் நாள்: இரயிலில் அயுத்தயா. பதினான்காம் நூற்றாண்டு முதல் 1767இல் பர்மியப் படையால் அழியும்வரை சயாமின் தலைநகர். காலையில் சென்று மாலையில் திரும்பலாம்.

ஒன்பது, பத்தாம் நாள்கள்: பிற்பகல் இரவு இரயிலில் ஏறி, மறுநாள் பாடாங் பெசார் வழியாக இல்லம்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

படுக்கை இருக்கைகளைப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து பாங்காக் சென்ற நேரடி இரயில் 2016 இறுதியோடு நின்றுவிட்டது. பழைய வழிகாட்டி நூல்களை நம்பிப் பட்டர்வொர்த் செல்ல வேண்டா. பாங்காக்கின் நெடுந்தூர இரயில்கள் பல 2023 ஜனவரி முதல் குருங் தேப் அபிவாட் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. காஞ்சனபுரி வண்டியோ இன்றும் தொன்புரியிலிருந்தே செல்கிறது; இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர். 2025 மே முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். ஹாட்யாய் வரை சொந்த மகிழுந்தில் செல்ல விரும்புவோர் புக்கிட் காயு ஹீத்தாம் வழியாகச் செல்லலாம். வாகனப் பதிவு ஆவணமும், தாய்லாந்துக் காப்புறுதியும், எல்லையில் நிரப்பும் வாகனப் படிவங்களும் தேவை. ஏப்ரல் நடுவில் சொங்கிரான் பண்டிகையின்போது இரயில்கள் நிரம்பி வழியும். அவ்வாரத்தைத் தவிர்ப்பது நலம்.

காஞ்சனபுரியில் எதைக் காண்பது?

திட்டத்தில் இரண்டு நாள்களை இந்நகருக்கு ஒதுக்கியதன் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் முதலில் காண விரைவது பாலத்தை. ஜாவாவிலிருந்து கொண்டு வந்த இரும்புச் சட்டங்களால் கட்டப்பட்டது அது. வளைந்த சட்டங்களுக்கு நடுவே இரண்டு மட்டும் கோண வடிவில் நேராக நிற்கும். நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசித் தகர்த்த பகுதிக்கு மாற்றாகப் போருக்குப் பின் பொருத்தப்பட்டவை அவை. 1957இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படமே இப்பாலத்தை உலகறியச் செய்தது. அப்படம் எடுக்கப்பட்டதோ இலங்கையின் கித்துல்கலையில். படத்தின் புகழால் சுற்றுப்பயணிகள் தேடி வரவே, பாலத்தின் கீழ் ஓடிய மே குளோங் ஆற்றின் அப்பகுதிக்கு குவே யாய் என்று 1960களில் பெயர் மாற்றினர். அப்படம் போர்க்கைதிகளின் கதை. தோட்டத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை.

கல்லறைத் தோட்டத்திலும் நிலை அதுவே. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் துயில்கின்றனர். வரிசை வரிசையாகப் பெயர், வயது, படைப்பிரிவு பொறித்த பலகைகள். புல் வெட்டப்பட்டு, பூச்செடிகள் பேணப்பட்டு, பார்ப்போர் மனத்தை உருக்கும் இடம். அந்த மரியாதைக்கு அவர்கள் முழு உரிமை உடையவர்கள். ஆனால் அங்கு எத்தனை முறை நடந்தாலும் ஒரு முனியாண்டியையோ ஓர் அஞ்சலையையோ காண முடியாது. போர்க்கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர் இருந்தனர், இறந்தவர் பெயரை மறைவாகக் குறித்து வைத்தனர். போர் முடிந்ததும் அக்குறிப்புகளைக் கொண்டு கல்லறைகளைத் தேடிக் கண்டனர். தோட்டத் தமிழருக்குப் பெயர்ப் பட்டியல் எழுத எவருமில்லை. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது, முகாம் முகாமாக மடிந்தவர்களைக் குழிகளில் இட்டு மூடினர்.

ஆகவே போர்க் கல்லறையைக் கண்டபின், நடந்து செல்லும் தொலைவிலுள்ள வாட் தாவோர்ன் வராராம் என்னும் பௌத்தக் கோயிலுக்கும் செல்லுங்கள். கண்டெடுக்கப்பட்ட ஆசியத் தொழிலாளர் எலும்புகள் அங்கே ஒரு தூபியின் கீழ் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. மாண்ட தமிழருக்காக அண்மைய ஆண்டுகளில் நடுகல்லும் அங்கு எழுப்பப்பட்டுள்ளது. வீரனுக்குக் கல் நாட்டும் சங்ககால மரபு, பெயர் தெரியாத கூலித் தொழிலாளிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. எண்பது ஆண்டுகள் ஆயின என்பது மட்டுமே குறை.

மறுநாள் காணும் நரகநெருப்புக் கணவாய், பாறையைக் கையால் குடைந்து வெட்டிய இடம். இரவிலும் வேலை வாங்கியபோது எரிந்த பந்தங்களின் ஒளியில் அது நரகம் போலத் தோன்றியதால் அப்பெயர். ஆஸ்திரேலிய அரசு 1998இல் அங்கு நினைவு அருங்காட்சியகம் அமைத்தது. தம் மக்கள் மாண்ட இடத்தை ஒரு நாடு எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு அது சான்று. நம் பங்குக்கு ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இருக்கின்றன. பயணத்திற்கு முன் பெற்றோர் ஒன்றையேனும் படித்துவிட்டால், வழியில் பிள்ளைகளுக்குச் சொல்லக் கதை கிடைக்கும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

சயாமிலிருந்து உயிரோடு திரும்பியோர் இன்று அரிதிலும் அரிது. அவர்களின் பிள்ளைகளுக்கே இப்போது எழுபது, எண்பது வயது. பயணச்சீட்டு வாங்குமுன் உங்கள் வீட்டு மூத்தோரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம குடும்பத்துல யாராச்சும் சயாமுக்குப் போனாங்களா?" பெயர், தோட்டம், சென்ற ஆண்டு, திரும்பினாரா இல்லையா என்று அவர்கள் சொல்வதை ஒரு தாளில் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். அரசும் இராணுவமும் எழுதாத பட்டியல், நம் வீடுகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அத்தாளைக் கடப்பிதழோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். வாட் தாவோர்னில் நிற்கும்போது அப்பெயரைப் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கட்டும்.