கேட்க ஆளில்லாத கரை: பக்கிங்ஹாம் கால்வாயின் கதை

எங்கள் மூலனூர் மேட்டாங்காட்டுப் பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, முருங்கையும் இல்லை. இந்தப் பக்கம் பஞ்சம் என்று பேச்சு வந்தால் பெரியவர்கள் "தாது வருசத்துல..." என்றுதான் ஆரம்பிப்பார்கள். 1876இல் தொடங்கிய அந்தப் பஞ்சம் கோயம்புத்தூர், சேலம் ஜில்லாக்களைச் சூறையாடியது. 1878 வரை நீண்டு, குறைந்தது 50 லட்சம் பேரைக் கொண்டுபோனது. அதே பஞ்சம் சென்னையின் நடுவிலும் ஒரு தடத்தை விட்டுப்போயிருக்கிறது. பறக்கும் ரயிலில் போகும்போது கீழே கறுத்த தண்ணீரோடு தெரியுமே, பக்கிங்ஹாம் கால்வாய், அதுதான்.

கால்வாய் முழுக்கப் பஞ்சத்தில் வெட்டியதல்ல. 1806இல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைலுக்கு வெட்டியதுதான் தொடக்கம். 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே ஆந்திரத்துப் பெத்தகஞ்சம் வரை, தெற்கே மரக்காணம் வரை என்று 400 கிலோமீட்டரைத் தாண்டி நீண்டது. நகரத்துக்குள் மட்டும் ஒரு துண்டு விட்டுப்போயிருந்தது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில் 8 கிலோமீட்டர். தாது வருஷம் வந்ததும் அதை வெட்ட ஆள் கிடைத்தது. சோற்றுக்காகப் பட்டணத்தில் வந்து குவிந்த ஆட்கள்.

நிவாரண வேலைக்குக் கூலி எவ்வளவு? 1877 தொடக்கத்தில், இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், மேலே அரை அணா என்று குறைத்துவிட்டார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட வராது. மண்ணை வெட்டிச் சுமக்கிற உடம்புக்கு இது காணாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். சில மாதங்கள் கழித்துத்தான் கூலி கூடியது. இந்தத் துண்டு 1878இல் முடிந்தது. கால்வாய்க்கு அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் வைத்தார்கள். மண் சுமந்தவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அந்தக் காலத்து அரசுக்குத் தோன்றியிருக்கவும் முடியாது.

ஆனால் பின்னால் வந்த அரசுகளுக்கும் அது தோன்றவில்லை என்பதுதான் இந்தக் கதை.

முக்கால் நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கால்வாய் சென்னைக்கு விறகும் உப்பும் அரிசியும் கொண்டுவந்து கொட்டியது. காற்று இல்லாத நாளில் கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டிப் படகை இழுத்தார்கள். பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' இந்தக் கால்வாயில் படகேறிப் போன பயணத்தைச் சொல்வதுதான். பிறகு ரயிலும் லாரியும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1965, 1966 புயல்கள் கால்வாயைத் தூர்த்துவிட்டுப் போயின. படகு நின்றதும் கால்வாய் எல்லார் கண்ணுக்கும் 'சும்மா கிடக்கிற இடம்' ஆகிவிட்டது. வேலையில்லாதவர்கள் கரையில் குடிசை போட்டார்கள். நகரம் தன் சாக்கடையைத் திறந்துவிட்டது.

1980களில் பறக்கும் ரயில் திட்டம் வந்தது. நகரத்துக்குள் நிலம் எடுப்பது பெரும்பாடு. கால்வாயோ அரசு நிலம், வழக்குப் போட ஆள் கிடையாது. தண்ணீருக்குள்ளேயே தூண்களை இறக்கினார்கள். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995 நவம்பரில் ரயில் ஓடியது. 1997இல் மயிலாப்பூர் வந்தது.

இங்கே ஒரு தேதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டி சென்னை மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தது 1973 டிசம்பரில். அடுத்த தேர்தல் நடந்தது 1996இல். 1688லேயே தொடங்கிய மாநகராட்சி இது. ஆனால் ஒரு நீர்வழியின் நடுவில் தூண் நடலாமா வேண்டாமா என்று முடிவெடுத்த காலம் முழுக்க அந்த ஊரில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

அடுத்த கட்டம் வெள்ளத்தின் பேரில் வந்தது. கரையில் குடியிருப்பவர்கள் தண்ணீர் ஓட்டத்தைத் தடுக்கிறார்கள் என்றார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் குடிசை ஆக்கிரமிப்பு என்றால் ரயில் தூண் என்ன? தூணை யாரும் அகற்றப்போவதில்லை. ஆட்கள் மட்டும் போனார்கள். நீர்க்கரைகளிலிருந்து எடுத்தவர்களை 2000இலிருந்து ஒக்கியம் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் அனுப்பினார்கள். அப்போது அவை மாநகராட்சி எல்லைக்கே வெளியே இருந்தன. 2011இல்தான் எல்லைக்குள் வந்தன. அதாவது வீடு மட்டுமல்ல, நகரத்துக்கான ஓட்டும் போயிற்று. இன்னொன்று. பள்ளிக்கரணைச் சதுப்பின் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்கு பக்கிங்ஹாம் கால்வாயில்தான் விழுகிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கொண்டுபோன செம்மஞ்சேரி, 2015இல் மூழ்கியது. அதோடு நிற்கவும் இல்லை.

2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் மறுபடி முடிந்தது. தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, கால்வாய்க் கரையில் இருந்த ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், நீதிமன்ற உத்தரவின்படி வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். மே மாதம் அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகே மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கம் நகரத்துக்குள்ளேயே வீடு தருவோம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. பக்கத்திலேயே இடம் கொடுக்க முடியும் என்பது ஓர் உயிர் போன பிறகுதான் அரசுக்குத் தெரிந்ததா? முன்னாலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

இன்றைக்கும் கால்வாய் நாறுகிறது என்று ஒருத்தர் புகார் கொடுக்கப் போனால் அலைக்கழிப்புதான். கால்வாய் நீர்வளத் துறை. குப்பையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சி. சாக்கடை மெட்ரோ வாட்டர். தூண் ரயில்வே. குடியிருப்பு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 2008இலிருந்து தேசிய நீர்வழி எண் 4 என்ற பட்டமும் உண்டு, ஆனால் நகரத்துக்குள் படகைக் காணோம். இத்தனை பேருக்குச் சொந்தமான ஒன்று கடைசியில் யாருக்கும் சொந்தமில்லை.

இத்தனைக்கும் இது செத்த வாய்க்கால் அல்ல. 2004 சுனாமியில் பல இடங்களில் கடல் ஏறிவந்த தண்ணீரை வாங்கிக்கொண்டு உள்ளே இருந்தவர்களைக் காத்தது இதுதான்.

தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1இல் முதல்முறையாகப் பகுதி சபைகள் கூடின. கிராமத்துக்காரர்களான எங்களுக்குக் கிராம சபை பழகிப்போன விஷயம். அங்கேயும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவதோடு முடிகிற சபைகள் உண்டு. கரையோரத்துச் சபையும் அப்படி ஆகிவிடாமல் இருக்க ஒரு வழிதான் இருக்கிறது. அடுத்த திட்டத்தின் வரைபடம் டெண்டருக்குப் போகும் முன்னால் அந்தச் சபைக்கு வர வேண்டும். 1877இல் மண் சுமந்தவர்களைக் கேட்காததற்கு அன்றைய அரசிடம் ஒரு சாக்கு இருந்தது, அது அந்நிய அரசு. இப்போது அந்தச் சாக்கும் இல்லை.