கோடு கீறும் நாளில்

கண்டி வீதியில் பரந்தன் சந்திக்கும் கிளிநொச்சி நகருக்கும் இடையே காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். பஸ்ஸும் டிப்பரும் நடுவில் விரைய, வெள்ளைக் கரைக்கோட்டுக்கு வெளியே பாடசாலைப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார்கள். பழுதான வாகனத்தை ஒதுக்கி நிறுத்தவும், தாரின் விளிம்பு உடையாமல் இருக்கவும் பொறியியலாளர்கள் விட்ட ஓரம் அது. சைக்கிள்காரர் அதைத் தங்கள் பாதையாக்கிக்கொண்டார்கள்.

வன்னிக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு வேறு ஊர்களில் உள்ளதைப் போன்றதல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை பெற்றோலையும் டீசலையும் மறித்தபோது, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடின. மற்றதெல்லாம் பெடலில்தான் நடந்தது. விறகு, நெல்மூட்டை, நோயாளி எல்லாம் கரியரில் போயின. இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமான்களும் அதே கரியரில்தான் ஏறின. மின்சாரமில்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். போர் முடிந்து கண்டி வீதி காப்பெற் வீதியானபோது வேகம் வந்தது. சைக்கிளுக்கென்று ஒரு கோடு வரவில்லை. 2022இல் எரிபொருள் நிலையங்களுக்கு முன்னால் நாள்கணக்கில் வரிசை நீண்டபோது, மூலையில் கிடந்த சைக்கிள்கள் மறுபடியும் வீதிக்கு வந்தன.

சைக்கிளுக்குத் தனிப் பாதை என்பது பழைய எண்ணம். நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் 1885இலேயே அப்படி ஒன்று இருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் நல்ல வீதி கேட்டுச் சங்கம் அமைத்தவர்களும் சைக்கிள்காரர்கள்தான். கார் வருவதற்கு முன்பே ஒழுங்கான வீதியைக் கேட்டவர்கள் அவர்கள் என்பதை வீதி போடுகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

ஆனால் இருக்கிற வீதியிலேயே ஒரு கோடு கீறி இடம் பிரிக்கும் வழி அமெரிக்காவில் வேரூன்றியது கலிபோர்னியாவின் டேவிஸ் என்ற சிறு பல்கலைக்கழக நகரில். ஃபிராங்க் சைல்ட் என்ற பொருளியல் பேராசிரியரும் அவர் மனைவி ஈவும் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு கோடைகாலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பினார்கள். அங்கே பிள்ளைகள் பயமின்றி சைக்கிளில் போனதைக் கண்டவர்கள், தங்கள் ஊரிலும் அதைக் கேட்டுப் பத்திரிகைக்கு எழுதினார்கள், கையெழுத்துச் சேர்த்தார்கள். நகரசபை மசியவில்லை. அவர்களும் விடவில்லை. 1966 நகரசபைத் தேர்தலில் சைக்கிள் பாதையே பெரும் பேச்சானது. அதை ஆதரித்தவர்கள் வென்றார்கள். வீதியில் இப்படிக் கோடு கீற அந்த மாநிலச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. சட்டத்தையும் மாற்றுவித்து, 1967இல் எட்டாம் தெருவில் கோடு கீறினார்கள். ஒரு குடும்பம் தொடங்கிய வேலை இது.

அடுத்த அடி ஒரேகன் மாநிலத்தில் விழுந்தது. 1971இல் டொன் ஸ்தாதோஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம், புதிதாகப் போடும் வீதியிலும் திருப்பிக் கட்டும் வீதியிலும் நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் இடம் வேண்டும் என்றது. நெடுஞ்சாலைப் பணத்தில் குறைந்தது 1 வீதத்தை அதற்கு ஒதுக்கச் சொன்னது. சட்டம் எழுதியதோடு காரியம் முடியவில்லை. போர்ட்லாண்ட் நகரம் தட்டிக்கழித்தபோது சைக்கிள்காரர்கள் நீதிமன்றம் போனார்கள்; 1995இல் மேல்முறையீட்டில் வென்றார்கள்.

திருப்பிக் கட்டுவது எப்போதாவது நடப்பது. மேலே ஒரு படை தார் போடுவதோ வழமையான வேலை. பழைய கோடுகளெல்லாம் அப்போது மறைந்துபோகும். எப்படியும் புதிதாகக் கீறத்தான் வேண்டும். அதே பெயின்ற், அதே இயந்திரம், அதே ஆட்கள். கோட்டைச் சற்று உள்ளே தள்ளிக் கீறினால் சைக்கிளுக்கு இடம் பிறக்கிறது. அமெரிக்காவின் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2016இல் இதற்கென்றே ஒரு கைநூல் வெளியிட்டது.

நம் வீதிகளுக்கு இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 7 மீற்றர் அகலத்தில் இரு தடங்கள் உள்ள வீதியில், ஒவ்வொரு தடத்திலும் 30 சென்ரிமீற்றர் குறைத்தால் பஸ்ஸுக்கு இன்னும் 3.2 மீற்றர் இருக்கும். ஒரு மீற்றர் ஓரம் 1.3 ஆகும். தடம் ஒடுங்கினால் ஓட்டுபவர் வேகத்தைக் குறைப்பார் என்பது கூடுதல் நன்மை. கிராமத்து ஒற்றைத் தட வீதிகளில் இந்தக் கணக்கு சரிவராது. அங்கே கவனிக்க வேண்டியது விளிம்பு. பழைய தாரின் மேல் இரண்டு அங்குலம் புதிதாகப் போட்டுவிட்டுக் கரைக்குக் கிரவல் நிரப்பாமல் போனால், லொறிக்கு ஒதுங்கும் சைக்கிளின் சில்லு கீழே இறங்கும், ஆள் விழுவார். விழுகிறவர் வீதிப்பக்கம் விழுந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கோட்டை விட முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும் என்பேன்.

காலபோக அறுவடை முடிந்ததும் இதே ஓரத்தில் நெல் காயும். விவசாயிக்குக் காயவைக்கத் தளமில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வாரங்களில் பாடசாலைப் பிள்ளை டிப்பர் ஓடும் தடத்துக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. நெல் உலர்த்தும் தளமும் சைக்கிள் பாதையும் சேர்த்துக் கேட்க வேண்டியவை.

உங்கள் ஊர் வீதிக்குக் காப்பெற் போடப்போகிறார்கள் என்று அறிந்தால், கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பேசி எழுத்தில் ஒரு கோரிக்கை கொடுங்கள். ஏ வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, உள்ளூர் வீதியென்றால் பிரதேச சபைக்கு. கரைக்கோடு எங்கே வரும், ஓரம் எவ்வளவு அகலம், விளிம்புக்குக் கிரவல் உண்டா என்று கேளுங்கள். தார் கொட்டுவதற்கு முன்பே கேளுங்கள். பிறகு கேட்டால் அடுத்த காப்பெற் வரை காத்திருக்க வேண்டும்.