சமதரை யாருக்கு? தரவளை கிளப்பும் லயத்து டீம்களும்

நூற்றைம்பது வருசத்தைத் தாண்டிய ஒரு விளையாட்டுக் கழகம் நம்ம பக்கத்திலேயே இருக்கு என்று சொன்னால் கெம்பஸில் பாதிப் பேர் நம்ப மாட்டாங்க. டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகம். தொடங்கினது 1868. நம்ம ஆட்கள் யாரும் அந்த முழுப் பெயரைச் சொல்றதில்லை; தரவளையில் இருப்பதால் 'தரவளை கிளப்', அவ்வளவுதான். பெயரில் கிரிக்கெட் இருந்தாலும் அங்கே றக்பியும் டென்னிஸும் உண்டு.

1868 என்றால் எவ்வளவு பழசு என்று கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். அப்போது டிக்கோயாப் பக்கம் கோப்பிதான். கோப்பியை அழித்த இலைநோய் தலைகாட்டியது 1869இல். ஹட்டனுக்குக் கோச்சி வந்தது 1884இல். அதாவது இந்த மலையில் தேயிலைக்கும் முன்னாடி, கோச்சிக்கும் முன்னாடி, கிளப் வந்துட்டு! கோப்பி செத்தது, தேயிலை வந்தது, வெள்ளைக்காரன் போனான், தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, திரும்ப கம்பெனிகளிடம் கொடுத்தது. கிளப் மட்டும் அப்படியே இருக்கு. எப்படி?

இதே காலத்தில், இதே பிரித்தானியப் பேரரசின் இன்னொரு மூலையில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கேள்வி எனக்குப் புரியத் தொடங்கியது. 1858இல் மெல்பேர்னில் டொம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் உடம்பை விட்டுவிடாமல் இருக்க ஒரு கால்பந்துக் கழகம் வேணும் என்பது அதன் சாரம். அடுத்த வருசம், 1859 மே மாதத்தில், சில பேர் சேர்ந்து ஒரு சின்ன விதிப் பட்டியலை எழுதினாங்க. அதுதான் இன்றைக்கு 'அவுஸ்திரேலியன் ரூல்ஸ்' என்று நாம் டீவியில் பார்த்துக் குழம்புகிற ஆட்டம். கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம். மைதானம் ஏன் அந்த வடிவம்? கிரிக்கெட் மைதானங்களில் ஆடிப் பழகிய ஆட்டம் அது. தரை எப்படியோ ஆட்டமும் அப்படி. இதை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வருவேன்.

அதே 1859இல் மெல்பேர்னுக்கு வெளியே ஜீலோங் என்ற துறைமுக ஊரிலும் ஒரு கழகம் தொடங்கியது. ஆட்டு ரோமத்தை ஏற்றி அனுப்புகிற ஊர். டொம் வில்ஸும் அங்கே ஆடியிருக்கிறார். தலைநகரத்துக் கழகங்களோடு மோதி, 1925இலிருந்து 2022 வரைக்கும் 10 முறை அந்த நாட்டின் முதன்மைக் கிண்ணத்தை ஜீலோங் வென்றிருக்கு. ஆனா எனக்கு முக்கியமாகப் படுவது கிண்ணக் கணக்கு இல்லை. 'ஜீலோங்' என்றால் ஊரும் அதுதான், டீமும் அதுதான். ரோம மூட்டை தூக்கினவனின் பேரனும் 'நம்ம டீம்' என்று சொல்லலாம்.

(அங்கேயும் கதை சுத்தமானதில்லை. பழங்குடி மக்கள் ஏற்கனவே ஆடிவந்த 'மார்ன்குரூக்' என்ற பந்தாட்டத்துக்கும் இதுக்கும் என்ன உறவு என்று இன்றைக்கும் சண்டை போகுது. டொம் வில்ஸ் பயிற்சி கொடுத்த பழங்குடி வீரர்கள் சிலர் இருந்த ஒரு கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் பயணம் போனதும், பாருங்க, நம்ம கிளப் தொடங்கிய அதே 1868இல்தான்.)

இனி தரவளைக்கு வருவோம். டிக்கோயா, மஸ்கெலியா என்று இரண்டு ஊரின் பெயரையும் தலையில் தூக்கி வைத்திருக்கிற கழகம் அந்த ஊர்க்காரர்களுடையது இல்லை. அது துரைமாருடையது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பெரிய துரை, ஒன்றிரண்டு சின்ன துரை. அவங்களுக்குப் பேச்சுத்துணை பக்கத்துத் தோட்டத்துத் துரைதான். கிழமைக்கு ஒரு நாள் குதிரையில் வந்து கூடி ஆடி, குடிச்சுப் பேசிட்டுப் போக ஓர் இடம் தேவைப்பட்டது. மலையகம் முழுக்க இப்படித்தான் கழகங்கள் வந்தன. நானுஓயாவுக்குக் கீழே ரதல்லையில் திம்புள்ளக் கழகம், கண்டியில் 1874இல் கண்டி விளையாட்டுக் கழகம், நுவரெலியாவில் 1876இல் ஹில் கிளப். ஹில் கிளப்புக்குள் இலங்கையரை உறுப்பினராகச் சேர்க்கவே 1960களின் பிற்பகுதி ஆகிவிட்டது. சுதந்திரம் கிடைத்து ஏறத்தாழ இருபது வருசம்!

றக்பியின் வரலாறும் இந்த மலையோடு ஒட்டினதுதான். கொழும்பில் முதல் கழகம் 1879இல் வந்தது. தொழில்முறை ஆட்டத்துக்காக இங்கிலாந்து போகிற வழியில் ஒரு நியூசிலாந்து அணி 1907இல் கொழும்பில் இறங்கி இலங்கை அணியோடு மோதியது. அந்த நாளில் 'இலங்கை அணி' என்றால் வெள்ளைக்காரர் அணி, இலங்கையருக்கென்று சி.ஆர். கழகம் வந்ததே 1922இல்தான். கண்டிக் கழகத்தின் கதை மட்டும் கொஞ்சம் வேறு மாதிரிப் போனது. கிங்ஸ்வூட், டிரினிட்டி ஆகிய கண்டிப் பாடசாலைகள் 1906இலேயே ஒன்றோடொன்று றக்பி ஆடத் தொடங்கிவிட்டன. பாடசாலையில் ஆடிய பையன் பிறகு கழகத்துக்குப் போனான், கழகம் மெதுவாக ஊருடையதாச்சு. 1990களிலிருந்து இலங்கைக் கழக றக்பியை நித்தவெலை மைதானம் ஆட்டிப் படைக்குது என்றால் அடித்தளம் அதுதான். டிக்கோயாவில் அப்படி ஒரு பாலம் இருக்கவில்லை. லயத்துப் பையன் படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்போடு. அதுக்குப் பிறகு கவ்வாத்துக் கத்தி.

அந்த மைதானத்தில் புல் வெட்டியது யார், ரோலர் இழுத்தது யார், பந்து பொறுக்கிக் கொடுத்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. கிளப்புக்குள் நம்ம ஆட்கள் எப்போதுமே இருந்திருக்காங்க. ஸ்கோர் புத்தகத்தில்தான் இல்லை.

கிளப் ஏன் அழியவில்லை என்ற கேள்விக்கு எனக்குத் தோன்றுகிற பதில் இதுதான்: அது ஆட்களை நம்பி நின்ற கழகம் இல்லை, பதவியை நம்பி நின்றது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையானபோது வெள்ளைத் துரை போனார், அதே பங்களாவுக்கு உள்ளூர்த் துரை வந்தார். 1992இல் தனியார் முகாமைக் கம்பெனிகள் வந்தபோதும் நாற்காலி காலியாகவில்லை. நாற்காலி இருக்கும் வரைக்கும் கிளப் இருக்கும்.

லயத்து டீமுக்கு இருந்ததெல்லாம் ஆட்கள் மட்டும்தான். அந்த ஆட்களையே எடுத்துட்டாங்க. 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரிச்சாங்க. ஒப்பந்தம் எண்களைத்தான் பார்த்தது. ஒரு தோட்டத்து உதைபந்து டீமை நினைச்சுப் பாருங்க. கோல்கீப்பருக்கு இந்தியப் பாஸ்போர்ட், அவன் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஒரு நாள் கோல்கீப்பர் குடும்பத்தோடு தலைமன்னாருக்குக் கோச்சி ஏறிக் கப்பலில் போயிடுறான். பிறகு கூடலூரிலோ கோத்தகிரியிலோ திரும்பவும் தேயிலைக்குள். அந்த டீமின் வரலாற்றை யார் எழுதுவது? இங்கே மிஞ்சினவனுக்குப் பாதி தெரியும், நீலகிரிக்குப் போனவனுக்கு மீதி தெரியும்.

ஆட்கள் போனது ஒரு பக்கம். தரை இன்னொரு பக்கம். மலையில் பிறக்காதவங்களுக்கு இது விளங்காது. நம்ம ஊரில் சமதரை என்பது தங்கம். சரிவெல்லாம் கொழுந்துக்கு. வெட்டிச் சமப்படுத்திய இடமெல்லாம் பெக்டரிக்கு, பங்களாவுக்கு, பிரட்டுக்களத்துக்கு. மிஞ்சினது கோயில் முற்றமும் லயத்துக்கு முன்னால் உள்ள வாசலும். நம்ம தோட்டத்துக் கிரிக்கெட்டை ஆடினவங்களுக்கு அதன் விதிகள் மனப்பாடம். கொழுந்துக்குள் அடிச்சா ரெண்டு ரன். கீழ் லயத்துத் தகரத்தில் பட்டா அவுட். பள்ளத்துக்கு அடிச்சா அவுட், அடிச்சவன்தான் இறங்கிப் போய் எடுத்துட்டு வரணும். ஆற்றில் விழுந்தா மேட்ச் முடிஞ்சது, பந்துக்குக் காசு போடணும்.

சிரிப்பா இருக்கும், ஆனா இது சிரிக்கிற விசயம் இல்லை. தரைக்கு ஏற்ற மாதிரி ஆட்டத்தை வளைத்து விதி போட்டுக்கொண்டதுதானே 1859இல் மெல்பேர்ன்காரர்கள் செய்ததும்? அவங்க எழுதி வச்சாங்க. நம்ம பெடியன்கள் எழுதவில்லை. அதனால் அது ஒரு தேசத்தின் ஆட்டம், இது 'சும்மா ரோட்டில் விளையாடுறாங்க'.

"அப்போ முரளி?" என்று கேட்பீங்க. கேட்க வேண்டிய கேள்விதான். முத்தையா முரளிதரனின் தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பேரன் 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். அவருடைய கை மணிக்கட்டைப் பற்றி எவ்வளவோ எழுதிட்டாங்க. கால் வைத்த தரையைப் பற்றி யாரும் எழுதவில்லை. அப்பா கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியதால் பிள்ளை கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரிக்குப் போனார். அங்கே மைதானம் இருந்தது, பயிற்றுநர் இருந்தார். லயத்திலிருந்து வெளியேறிய குடும்பத்தின் பிள்ளைக்குத்தான் அந்தத் தரை கிடைத்தது. 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்ன் மைதானத்தில் நடுவர் டெரல் ஹெயர் ஏழு முறை 'நோ போல்' சொன்னது ஞாபகம் இருக்கும். அவுஸ்திரேலியன் ரூல்ஸ் இறுதிப்போட்டி நடக்கிற மைதானமும் அதேதான். நம்ம பிள்ளை ஒருத்தன் அந்தத் தரையில் தன் ஆட்டத்துக்காக நின்றான் என்பதை நான் பெருமையாத்தான் சொல்லுவேன். ஆனா அவரைக் காட்டி 'திறமை இருந்தா மேலே வரலாம்' என்று தோட்டத்துப் பையனுக்குப் புத்தி சொல்றவங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முரளியின் கதை நிரூபிப்பது அதுக்கு நேரெதிரானதை.

இப்பவும் தீபாவளி, பொங்கலுக்கு எல்லாத் தோட்டத்திலும் சுற்றுப்போட்டி நடக்குது. அணிக்கு ஆறு பேர், ஐந்து ஓவர். கொழும்பில் கடையில் நிற்கிற பெடியன்கள் லீவு போட்டு வந்து ஆடிட்டுப் போறாங்க. ஜெர்சிக்குப் பின்னால் தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர். வென்ற கிண்ணங்கள் கோயில் அலுமாரியில் குத்துவிளக்குகளுக்குப் பக்கத்தில் நிற்கும். வருசம் பொறித்த தகடு பாதிக் கிண்ணத்தில் கழன்று போயிருக்கும். மிச்சத் தகடும் கழறுவதற்குள் ஒவ்வொரு தோட்டத்துப் பெடியனும் போனில் படம் எடுத்து, பக்கத்து லயத்துத் தாத்தாவிடம் அந்த டீமில் யார் யார் ஆடினாங்க என்று கேட்டு எழுதினால் போதும். ஒரு மாச வேலை.

மஸ்கெலியாப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு மைதானமும் தெரியும். 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணிக்குள் போச்சு. கடும் வறட்சி வந்து தண்ணி இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். ஊரே பார்க்கப் போகும். கோயிலைச் சுற்றி வெடித்துக் காய்ந்த சேறு, கண்ணுக்கு எட்டின வரைக்கும் சமதரை. நான் போன தடவை அங்கே ரெண்டு டீம் குச்சி நட்டு ஆடிக்கொண்டு இருந்தாங்க. பள்ளமும் இல்லை, தகரமும் இல்லை. எவ்வளவு தூரம் அடித்தாலும் அவுட் இல்லை. மழை வரும் வரைக்கும்.