ஒரு மருந்து ஏன் போதாது? அப்பாயியின் குளிசையும் மெட்ராஸ் பாடமும்

எங்க லயத்தில் யாராவது ரெண்டு கிழமைக்கு மேல இருமினால் முதல் கேள்வி, "டிபியா?" என்பதுதான். அப்பாயி இருமியபோதும் அதையே கேட்டார்கள். கடைசியில் அது நுரையீரல் புற்றுநோய். சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவர்; ஆயுள் முழுக்கக் கொழுந்தும் விறகடுப்பும்தான். "குளிசை குடுத்தாங்க, நல்லாத்தானே இருந்துச்சு. பிறகு ஏன் கேக்கல?" என்று அம்மா இன்னமும் கேட்கிறார். அதற்கு விடை தேடப் போன நான், திரும்ப டிபியிலேயே வந்து நின்றேன்.

1948இல் பிரித்தானியாவில் 107 டிபி நோயாளர்களை வைத்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பரிசோதித்த முடிவு வெளிவந்தது. மருந்து எடுத்த 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர் மட்டும். எல்லாரும் கொண்டாடினார்கள். ஆனால் ஐந்து வருடம் முடியும்போது அந்த 55 பேரில் 32 பேர் உயிரோடு இல்லை. மருந்துக்குத் தப்பிய சில கிருமிகள் பெருகி, நோய் திரும்பிவிட்டது.

தீர்வு சாதாரணக் கணக்குதான். ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி பத்து லட்சத்தில் ஒன்று என்று வைப்போம். வேறு விதமாக வேலை செய்யும் இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் தப்புவது லட்சம் கோடியில் ஒன்று. 1950இல் ஸ்ட்ரெப்டோமைசினோடு பாஸ் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது இது நிரூபணமானது.

ஆனால் இந்தக் கூட்டு மருந்து ஏழைகளுக்கு எப்படிப் போய்ச் சேரும்? அந்தக் கேள்வியை எடுத்தது மெட்ராஸ். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு நிலையத்தில், ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு நெருக்கமான அவர்களுடைய சொந்த வீடுகளிலும் ஒரே கூட்டு மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். 1959இல் வந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது: வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். மருந்து இலவசம், ஒழுங்காகக் குடிக்கிறார்களா என்று ஆட்கள் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள்.

டிபியில் கற்ற இதே யோசனையைத்தான் 1960களில் அமெரிக்க டொக்டர்கள் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொண்டுபோனார்கள். நாலு மருந்தை ஒன்றாகக் கொடுத்தார்கள்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருவோம். புகைக்காத ஆசியப் பெண்களின் நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எப்.ஆர் மரபணு மாற்றம் அதிகம். அதைத் தாக்கும் ஜெபிடினிப் குளிசைக்கு 2003இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கட்டி சுருங்கும்; கிட்டத்தட்ட ஒரு வருடத்தில் திரும்ப வளரும். அப்படி வளர்பவர்களில் பாதிப் பேருக்கு டி790எம் என்ற புது மாற்றம் வந்திருக்கும். அதையும் தாக்கும் ஒசிமெர்டினிப் 2015இல் வந்தது. அதற்கும் புற்று வழி கண்டுபிடித்தது. அதனால் இப்போது சேர்க்கிறார்கள்: ஒசிமெர்டினிப் மட்டும் கொடுத்தால் நோய் சராசரியாக 16.7 மாதம் அடங்கியிருந்தது, கீமோவையும் சேர்த்தபோது 25.5 மாதம். பக்க விளைவும் கூடுதல்தான். முழுக்கக் குணம் இல்லை, காலம்.

"மருந்து பிழையில்லம்மா, தனியா இருந்துச்சு" என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்ப சேர்த்துக் குடுக்கிற மருந்து எங்க ஆட்களுக்குக் கிடைக்குமா?" என்றார். விஞ்ஞானத்தின் பாதி விடையை ஆய்வுகூடங்கள் தருகின்றன. மற்றப் பாதியை 1950களிலேயே வீடு தேடி நடந்தவர்கள் காட்டிவிட்டார்கள். மலை ஏறி லயம் வரைக்கும் யார் வரப்போகிறார்கள் என்பதுதான் மிச்சம்.