தபாற்காரரின் பாட்டுக் கம்பனி



அமெரிக்கர் 'கன்றி' என்று வழங்கும் நாட்டுப்புறப் பாங்கான இசையைப் பற்றி இலக்கிய நிகழ்ச்சியொன்றிற் பேச என்ன இருக்கிறது என்று உங்களிற் சிலர் நினைக்கலாம். 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் அரசவைக் கவிஞராயிருந்த ரெட் கூசர், வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்துக்கு ஒரு பாடகரை அழைத்தார். மேடையில் அவரோடு அமர்ந்து, பாட்டுக் கட்டும் விதம்பற்றி உரையாடினார். அந்தப் பாடகர் ஜோன் பிறைன். அவருடைய கதையையே இன்று சொல்ல விழைகிறேன்.

பிறைன் 1946 ஒக்டோபர் 10ஆந் திகதி சிக்காகோவை அடுத்த மேவூட்டிற் பிறந்தார். பெற்றோர் கென்ரக்கி மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தந்தையார் தொழிற்சாலையில் அச்சுக் கருவிகள் செய்பவர். ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டுகளிற் பெரும் பிரியம் உடையவர். பதினான்கு வயதில் அண்ணனிடம் கிற்றார் பழகிய பிறைன், இராணுவத்திற் சேர்க்கப்பட்டு மேற்கு ஜேர்மனியிற் சில காலம் இருந்துவிட்டு, ஊர் திரும்பித் தபாற்காரராக வேலை செய்தார். பையைத் தோளிற் போட்டுக்கொண்டு தெருத்தெருவாய் நடக்கையிலேயே பாட்டுகளை மனத்திற் கட்டினார்.

1970இல் சிக்காகோப் பத்திரிகையொன்றின் திரைப்பட விமர்சகரான றொஜர் ஈபேர்ட், படமொன்று பிடிக்காமல் இடைநடுவில் எழுந்து பக்கத்து மதுச்சாலைக்குள் நுழைந்தார். அங்கே பாடிக்கொண்டிருந்தவர் பிறைன். பட விமர்சனத்துக்குப் பதிலாக அந்தத் தபாற்காரரைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே நண்பர் ஸ்டீவ் குட்மனின் முயற்சியால் கிறிஸ் கிறிஸ்ரோபர்சன் கேட்டு வியந்தார். அட்லாண்டிக் கம்பனி ஒப்பந்தம் நீட்டியது. 1971இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

அந்த ஒரு தட்டிலுள்ள மனிதர்களை எண்ணிப் பாருங்கள். வியட்நாமிலிருந்து காயத்தோடு மீண்டு, வலி தணிக்க ஏற்றிய மோர்பினுக்கு அடிமையாகி மடியும் போர்வீரன். பிள்ளைகள் பிரிந்துபோகத் தனித்திருக்கும் முதிய தம்பதியர். வாழ்வு சலித்துப்போன ஒரு மூதாட்டி. அவள் வாயிலாகப் பாட்டைப் பாடுபவர் இருபத்து நான்கு வயது இளைஞர்! சிறுவயதில் முதியோர் இல்லமொன்றில் அறையறையாகப் பத்திரிகை போட்ட அனுபவம் இவருக்கு இருந்தது. சொற்செட்டைப் பற்றி வகுப்பிற் பேச நேரும்போதெல்லாம் இவரையும் நினைத்துக்கொள்வேன். ஓர் அடைமொழிகூட அதிகமாய் விழாது.

அதே தட்டில் இடம்பெற்றது 'பரடைஸ்' என்னும் பாட்டு. பரடைஸ் என்பது கென்ரக்கியில் கிறீன் றிவர் என்ற ஆற்றங்கரையில் இருந்த சிற்றூர். தந்தையாரின் சொந்தப் பகுதி. நிலத்தின் மேற்பரப்பை உரித்தெடுத்து நிலக்கரி அகழ்ந்தார்கள். அருகில் அனல் மின்நிலையம் எழுந்தது. 1967இல் ஊரே இடித்தகற்றப்பட்டது. பாட்டில் பீபொடி என்ற நிலக்கரிக் கம்பனியின் பெயரை வெளிப்படையாகவே வைத்தார் பிறைன். கம்பனி மறுப்புப் பிரசுரம் ஒன்று வெளியிட்டது. விடயம் அத்துடன் முடியவில்லை. 2015இல் வயோமிங்கில் நடந்த வழக்கொன்றில், முறைப்பாட்டாளர் அந்தப் பாட்டின் அடிகளைத் தம் மனுவிற் சேர்த்திருந்தனர், அவற்றை நீக்குமாறு கம்பனியின் சட்டத்தரணிகள் கேட்டனர், நீதிமன்றம் மறுத்துவிட்டது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்தும் ஒரு பாட்டு ஒரு கம்பனியை உறுத்திற்று!

பதிவு முடிந்ததும் பாட்டைத் தந்தையாருக்குப் போட்டுக்காட்டினார் மகன். அவரோ எழுந்து அடுத்த அறைக்குப் போய் இருட்டில் அமர்ந்துகொண்டாராம். காசு போட்டால் பாடும் பெட்டியில் யாரோ பாடுவதாகக் கற்பனை செய்து கேட்க விரும்பினார். அந்த ஆண்டே அவர் காலமானார்.

அட்லாண்டிக்கில் நான்கு, பின்னர் அசைலம் கம்பனியில் மூன்று என ஏழு தட்டுகள் வந்தன. விமர்சகர் மெச்சினர், விற்பனை பெரிதாயில்லை. பெரிய கம்பனிகளின் வழமை இது: பதிவுச் செலவை முன்பணமாகக் கொடுப்பார்கள், அதைப் பாடகருடைய பங்கிலிருந்தே கழிப்பார்கள், மூலப்பதிவு கம்பனியின் சொத்தாகவே இருக்கும். பிறைன் 1981இல் அல் புனெற்றா, டான் ஐன்ஸ்ரைன் ஆகியோருடன் 'ஓ போய்' என்ற சொந்தக் கம்பனியைத் தொடங்கினார். அக்காலத்தில் அதைத் தற்கொலை முயற்சி என்றே பலர் எண்ணியிருப்பர். கடைகளுக்குச் சரக்கனுப்பும் வலைப்பின்னல் கிடையாது. ஆனால் தபால் இருந்தது. அடுத்த தட்டு வெளிவருமுன்னரே இரசிகர்கள் காசோலைகளைத் தபாலில் அனுப்பிவைத்தனர். பதிவுச் செலவு அதிலேயே அடங்கிற்று. கடிதம் சுமந்த மனிதரைக் கடிதங்களே காப்பாற்றின என்றால் மிகையில்லை. 1984இல் அக்கம்பனியின் முதல் நெடுந்தட்டு வந்தது. அதே ஆண்டில் குட்மன் இரத்தப் புற்றுநோயால் மாண்டார்; வயது 36.

1991இல் வெளியிட்ட 'த மிஸிங் இயர்ஸ்' கிறாமி விருது பெற்றது. 1998இல் கழுத்தில் புற்றுநோய். சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் குரலைக் கரகரக்கச் செய்துவிட்டன. சுருதியைக் கீழிறக்கிப் பாடினார். இளமைக் குரலைவிட அந்தத் தேய்ந்த குரலே அவருடைய முதியவர்களுக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம், மறுப்போரும் உளர். 2013இல் நுரையீரலில் மீண்டும் சத்திரசிகிச்சை. 2015இல் புனெற்றா மறைந்தபின் மனைவியும் மகனும் கம்பனியைப் பொறுப்பேற்றனர். 2018இல் 'த ட்ரீ ஒவ் ஃபொர்கிவ்னஸ்' பில்போர்ட் பட்டியலில் ஐந்தாம் இடத்தைப் பிடித்தது. பெரிய கம்பனிகளோடு இருந்த காலத்தில் எட்டாத இடம் அது. அப்போது அவருக்கு வயது 71.

2020 ஏப்ரல் 7ஆந் திகதி நாஷ்வில் நகரில் கொவிட் நோயால் காலமானார். அவர் பிறந்த இலினோய் மாநிலம் அந்த ஆண்டிலேயே அவரைக் கௌரவ அரசவைக் கவிஞராக அறிவித்தது. தன் சாம்பலை கிறீன் றிவரிலே விட வேண்டுமென்று 'பரடைஸ்' பாட்டிற் கேட்டிருந்தார். பாதியைச் சிக்காகோவில் பெற்றோரின் அருகே புதைத்தார்கள். மறுபாதியை அந்த ஆற்றிலே கரைத்தார்கள்.