பிடி அரிசிக் கணக்கு

சென்ற கோடையில் சிவகாசியில் நண்பர்கள் சிலர் கூடி, தெருவாசிகளின் பழைய புத்தகங்களையும் பாத்திர பண்டங்களையும் திரட்டி ஒரு வீட்டுத் திண்ணையில் விற்றோம். கிடைத்த தொகை ஒரு மாணவியின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போயிற்று. புதுமை செய்துவிட்ட பெருமிதம் எங்களுக்கு. "இதென்ன அதிசயம்? அந்தக் காலத்துப் பிடி அரிசிதானே!" என்றார் அண்டை வீட்டு ஆச்சி.

அவர் சொன்னதில் வரலாறு இருக்கிறது. 1923-இல் விருதுநகர் எனப் பெயர் மாறிய விருதுபட்டியில், 1885-இல் நாடார் சமூகத்தார் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினர். கோயிலுக்குள் நுழையவே அவர்களுக்கு உரிமை மறுக்கப்பட்ட காலம் அது. அந்தப் பூசல் முற்றி, 1899-இல் சிவகாசியே கொள்ளைக்கும் தீக்கும் இரையாயிற்று. வணிகர்கள் தம் சரக்குக்கேற்ப மகமை செலுத்திப் பொதுநிதி சேர்த்தனர். வீடுகளிலோ, உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனியே எடுத்து வைக்கப்பட்டது. அது திரண்டு பள்ளிக்கு நிதியாயிற்று. அங்கே பயின்ற காமராசர்தாம் முதலமைச்சராகி, 1956-இல் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே மதிய உணவு கிடைக்கச் செய்தார். கைப்பிடி அரிசியில் நடந்த பள்ளியின் மாணவர், பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்று உணர்ந்ததில் வியப்பில்லை.

மகமை செலுத்திய வணிகர்களை வரலாறு அறியும். அரிசி எடுத்து வைத்த பெண்களின் பெயர்களை நாம் காண்பது அரிது. நாங்கள் விற்றவை எங்களுக்கு வேண்டாத பொருள்கள். அவர்கள் கொடுத்ததோ அன்றைய உலைக்கு வேண்டிய அரிசி. இந்த வேறுபாட்டை உணர்ந்தபின் எங்கள் பெருமிதம் சற்றே அடங்கிற்று.