மாதிரி இல்லாத தறி: ஹர்ரானியாச் சிறுவர்களின் நெசவோவியங்கள்

சித்திரப் பாடவேளையில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பூச்சாடி வரைகிறார். நாற்பது கொப்பிகளிலும் அதே பூச்சாடி முளைக்கிறது. ஆசிரியரின் பூச்சாடியை ஒத்திருப்பதற்குக் கூடிய புள்ளி. நான் படித்த காலத்திலும் இதுதான். ஆசிரியனான பின்னர் நானும் இதையே செய்திருக்கிறேன். ஆகவேதான் எகிப்தின் ஹர்ரானியாக் கிராமத்து வரலாறு என்னைச் சங்கடப்படுத்துகிறது.

ரம்ஸிஸ் வீஸா வாஸிப் (1911–1974) ஒரு கட்டடக் கலைஞர், கிப்திக் கிறிஸ்தவர். பாரிஸில் பயின்று திரும்பி, கெய்ரோ நுண்கலைக் கல்லூரியில் போதித்தவர். 1940களின் தொடக்கத்தில் பழைய கெய்ரோவில் ஓர் ஆரம்பப் பாடசாலையைக் கட்டினார். கட்டட வேலையோடு அவர் விலகிக்கொள்ளவில்லை. பாடசாலை விட்ட பின்னர் பிள்ளைகளுக்கு நெசவு பழக்கத் தொடங்கினார். படைப்பாற்றல் எல்லாப் பிள்ளைகளிடமும் இயல்பாகவே உண்டு, வளர்ந்தோர் புகுத்தும் பழக்கங்களே அதை மழுங்கடிக்கின்றன என்பது அவரது நம்பிக்கை. அவருடைய மாமனாரான கலைக் கல்வியாளர் ஹபீப் ஜூர்ஜியும் களிமண் சிற்பத்தில் இதே வழியில் சிறுவர்களை ஈடுபடுத்தியவர்.

1950களின் தொடக்கத்தில் வாஸிப் தம் முயற்சியைக் கீஸா பிரமிட்டுகளுக்குச் சமீபமாகவுள்ள ஹர்ரானியாவுக்குக் கொண்டு சென்றார். ஏழைக் குடியானவர்களின் பிள்ளைகள் அவரிடம் வந்தார்கள். தறியைக் கையாளும் முறையை மட்டுமே அவர் சொல்லிக் கொடுத்தார். மற்றபடி மூன்று விதிகள்: முன்கூட்டி வரைந்த மாதிரி கூடாது, பிறர் கலையைப் பார்த்துப் போலச் செய்தல் கூடாது, பெரியவர்களின் விமர்சனம் கூடாது.

இங்கு தறியின் இயல்பையும் கவனிக்க வேண்டும். நெய்த பகுதி சுருட்டப்பட்டுக்கொண்டே போவதால், வேலை முடியும்வரை முழுப் படத்தையும் பார்க்க முடியாது. கடதாசியில் கீறி அழிப்பதுபோல இதில் அழிக்கவும் இயலாது. பிள்ளை தன் மனத்தில் உள்ளதை நம்பியே இழை கோர்க்க வேண்டும். பேரீச்சை மரங்கள், வாய்க்கால், கழுதை, புறா, சந்தை என்று கிராமமே கம்பளி நூலில் எழுந்தது. மஞ்சிட்டி, அவுரி போன்ற தாவரங்களே சாயம் தந்தன.

வாஸிப் வறுமையையும் மறக்கவில்லை. பிள்ளைகளின் வேலைக்குப் பணம் கொடுத்தார். அலி ஸலீம், கரீமா அலி முதலியோர் சிறுவராக வந்து, தேர்ந்த கலைஞர்களாக வளர்ந்தார்கள். இந்த நெசவோவியங்கள் ஐரோப்பியக் காட்சிக்கூடங்களுக்கும் போயின. மண் கல்லால் குவிமாடங்கள் எழுப்பிக் கட்டப்பட்ட ஹர்ரானியாக் கலை நிலையம் 1983 இல் ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றது. அவர் மறைந்த பின்னர் மனைவி ஸோபியும் புதல்வியரும் அப்பணியைத் தொடர்ந்தனர்.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பிற கலைகளைக் காட்டாது காப்பது சுதந்திரமா, அல்லது அதுவும் ஒரு வேலியா? ஒரு பிள்ளைக்கு உலகின் கலைச் செல்வங்களைக் காணும் உரிமையும் உண்டல்லவா? அந்த இரண்டாம் விதியை அப்படியே ஏற்க என்னால் இயலவில்லை.

ஆனால் மூன்றாம் விதி நமக்கு உரியது. வகுப்பறைக்குள் ஒரு கலைஞர் வந்தால், அவர் எவ்வளவு நன்றாக வரைந்து காட்டுகிறார் என்றே நாம் பார்க்கிறோம். வாஸிப்பின் பெருமையோ வரைந்து காட்டாததில் இருக்கிறது. எல்லாம் தெரிந்த ஒருவர் பிள்ளையின் பக்கத்தில் இருந்தும் கையை அடக்கிக்கொள்வது இலேசான காரியமல்ல. அடுத்த சித்திரப் பாடத்துக்குப் போகும்போது வெண்கட்டியை மேசையிலேயே வைத்துவிட எனக்கும் துணிவு வேண்டும்.